பரண் காலியாகும்போது: சேலம், ஏற்காடு வீடுகளில் பழைய மின்சாதனங்களைக் கழிக்கும் முறை

போகிக்கு முந்தைய வாரமும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் சேலத்து வீடுகளில் பரண் காலியாகும் நாட்கள். பாத்திரம், பழந்துணி, பாடப் புத்தகம் இவற்றோடு இன்னொரு கூட்டமும் இறங்கி வரும். 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி, 2011க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய மடிக்கணினி, நாலைந்து பட்டன் போன், எதனோடு வந்தது என்றே தெரியாத சார்ஜர் கட்டு, வயிறு உப்பிய பவர் பேங்க். இவை வாசலைத் தாண்டும் வழி வழக்கமாக மூன்று: குப்பை வண்டி, ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய சாமான் வாங்கத் தெருத்தெருவாக வரும் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி, போகித் தீ. மூன்றுமே இந்தப் பொருள்களுக்கு ஆகாது.

பழைய டிவி பரணில் கிடக்கிறவரை யாருக்கும் கெடுதல் இல்லை. படக்குழாய்க் கண்ணாடியில் இருக்கும் ஈயமும், டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசமும், ஒயரின் பிவிசி உறையும் முழுசாக இருக்கும்வரை அடங்கித்தான் கிடக்கின்றன. செம்புக்காக ஒருவர் சுத்தியலை எடுக்கும்போது, உறையை நீக்க ஒயரைக் கொளுத்தும்போது, சர்க்யூட் போர்டை ஆசிடில் ஊறவைக்கும்போதுதான் விஷம் வெளியே வருகிறது. பிவிசி எரியும் புகையில் டையாக்சின் இருக்கும். அதை முதலில் சுவாசிப்பவர் கொளுத்துகிறவரும் பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான். ஆசிட் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றில் சேரும். ஆகவே பொருள் உடையாமல், மற்றக் குப்பையோடு கலக்காமல், முழுசாக, அதைப் பிரிக்கத் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைதான்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் தரையில் விழும் தூசியைக்கூடப் பெருக்கிச் சேர்த்து உருக்கக் கொடுப்பார்கள். அந்தத் தூசியில் வெள்ளி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பழைய கைபேசியும் அப்படித்தான். ஒன்றில் சுமார் 30 மில்லிகிராம் தங்கம், 300 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளி, 15 கிராம் அளவுக்குச் செம்பு இருக்கும். தனி ஒரு போனில் இது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கில் சேர்த்து, புகையைப் பிடித்து வடிகட்டும் உலையில் உருக்கினால்தான் நஷ்டமில்லாமல், நஞ்சில்லாமல் கிடைக்கும். கொல்லைப்புறத்தில் பிரிப்பவர் செம்பையும் கொஞ்சம் தங்கத்தையும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மண்ணுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுகிறார்.

கழிப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

நிஜமாகவே செத்துப்போன பொருள்தானா என்று முதலில் பாருங்கள். ஓடாத மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். பாரம் கூடி மோட்டார் சூடேறினால் அது வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மிக்சி ஓடும். இந்த ஒரு பட்டன் தெரியாமலே பரணுக்குப் போன மிக்சிகள் உண்டு. பட்டனை அழுத்தியும் ஓடவில்லை, உள்ளே தீப்பொறி தெரிகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஒரு ஜோடி மாற்றினால் போதும். மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலோ, கையால் தள்ளினால்தான் சுற்றுகிறது என்றாலோ கெப்பாசிட்டர் போயிருக்கும். சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், பழையதன் மேல் எழுதியிருக்கும் அளவையே கேட்டு வாங்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றுங்கள். கிரைண்டர் மோட்டார் ஓடுகிறது, கல் சுற்றவில்லை என்றால் பெல்ட். மோடமும் செட்டாப் பாக்ஸும் விளக்கே எரியாமல் கிடந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள இன்னொரு அடாப்டரைச் செருகிப் பாருங்கள். ஒன்று கவனம்: பிளக் முனை ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் பெட்டியில் செருகினால் நல்ல பெட்டியும் போய்விடும்.

கேபிள் செட்டாப் பாக்ஸை எடைக்குப் போடவே வேண்டாம். அரசு கேபிள் பெட்டி உங்கள் சொத்தல்ல; இணைப்பு வேண்டாம் என்றால் ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இணைய இணைப்போடு வந்த மோடத்தையும் இப்படியே கேட்டுப் பாருங்கள்.

மூன்று பெட்டி

மீதமானவற்றை முதல் நாளே மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். பேட்டரி ஒரு பெட்டி, விளக்குகள் ஒரு பெட்டி, மற்றதெல்லாம் ஒரு பெட்டி. பேட்டரியும் சார்ஜர் ஒயரும் ஒரே சாக்கில் கிடப்பதுதான் வீட்டில் தீப்பிடிக்க நேர்வழி: ஒயரின் உலோக முனை பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும். விளக்கு மற்றதோடு கிடந்தால் உடையும்.

பெட்டிகளை மொட்டை மாடி அறையிலோ சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழோ வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது ஷீட்டுக்கு அடியில் அதைவிடக் கூடுதல். பழைய லித்தியம் பேட்டரி உப்புவதற்கு அந்தச் சூடு போதும். படிக்கட்டுக்கு அடியில் காற்றோட்டமும் நிழலும் உள்ள தரைதான் நல்ல இடம். சமையல் எரிவாயு உருளைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பேட்டரி: அதிகக் கவனம் இங்கேதான்

ரிமோட், சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் செல்களை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். கசிந்து வெள்ளைப் பொடி பூத்த செல்லை வெறுங்கையால் தொடாமல் எடுத்துத் தனிக் கவரில் போடுங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியே ஆக வேண்டும். பட்டன் செல் இன்னும் கவனம். குழந்தை விழுங்கினால் தொண்டைக் குழாயில் ஒட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். கழற்றிய உடனே இரண்டு பக்கமும் டேப்பைச் சுற்றி, குழந்தைக்கு எட்டாத டப்பாவில் போடுங்கள். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே, எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

கைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க், புளூடூத் இயர்போன், டிரிம்மர் இவற்றில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. பின்மூடி கழன்று வரும் போன் என்றால் பேட்டரியை எடுத்து, முனைகளுக்கு டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். கழற்ற முடியாத போனைப் பிளந்து எடுக்க முயல வேண்டாம். முழு போனாகவே கொடுங்கள். கத்தியோ திருப்புளியோ குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பான் கிழிந்து, நொடியில் சூடேறிக் கொழுந்துவிடும். குப்பை வண்டியில் போட்டால் நடப்பதும் இதுதான். வண்டியின் அழுத்தும் பலகையில் நசுங்கி, காகிதக் குப்பைக்கு நடுவே தீ பிடிக்கும். அங்கே தப்பித்தாலும் செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்கின் குவியலுக்குள் போய்ப் புகையும்.

உப்பிய பேட்டரிக்கு இதுவே முறை. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். போனை அணைத்துவிடுங்கள். உப்பிய பின்மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஒரு மண் சட்டியிலோ இரும்பு வாளியிலோ காய்ந்த மணலைப் பாதி நிரப்பி, அதன்மேல் பொருளை வைத்து, இன்னும் கொஞ்சம் மணலைத் தூவுங்கள். ஈர மணல் வேண்டாம். சட்டியைத் திரைச்சீலை, கட்டில், வண்டி இவற்றிலிருந்து விலக்கி, மழையும் வெயிலும் படாத வெளித் திண்ணையில் வைத்து, ஓரிரு நாளுக்குள் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். போகும்போதும் சட்டியோடே கொண்டுபோங்கள், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள்ளேயே புகைய ஆரம்பித்தால், பிளக்கில் இருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். சின்ன பேட்டரிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றலாம். அது தீயை அணைப்பதைவிட பக்கத்து செல்லைக் குளிரவைக்கிறது, அதுதான் தேவை. அந்தப் புகை நஞ்சு. கட்டுப்படவில்லை என்றால் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி 101க்கு அழையுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி வேறு கதை. அதற்கு நல்ல விலை உண்டு, புதியது வாங்கும் கடையே பழையதைக் கழித்துக்கொண்டு விலை போடும். அதனால் அது தொலைவதில்லை. போகும் இடம்தான் சிக்கல். கூடுதல் பணம் தருகிறேன் என்று ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத் தட்டை மட்டும் எடுப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். எடை குறைய நீங்களே ஆசிடை ஊற்றிவிடவும் கூடாது. அந்தத் திரவத்தில் கந்தக அமிலத்தோடு ஈயமும் கரைந்திருக்கும். கழற்றும் வரிசை: மெயின் லைனை அணைத்து, இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைத்து, முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஸ்பேனர் ஒரே நேரத்தில் இரண்டு முனையையும் தொட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கரைத்து, ரப்பர் கையுறையோடு துடையுங்கள். 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் தூக்குங்கள், நிமிர்த்தியே வையுங்கள்.

கணினி யூபிஎஸ்ஸுக்குள்ளும் எமர்ஜென்சி விளக்குக்குள்ளும் இருப்பது இதே ஈய பேட்டரியின் குட்டிதான். யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பேட்டரிக் கடையில் அதையும் வாங்குவார்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகை பேட்டரிக்கும் பொருந்தும்: தயாரித்தவர் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும், பயன்படுத்தியவர் மற்றக் குப்பையோடு கலக்காமல் கொடுக்க வேண்டும். ஆகவே பேட்டரி விற்கிற கடையில் பழையதை எடுத்துக்கொள்ளும்படி தயங்காமல் கேளுங்கள்.

விளக்குகள்

சிஎஃப்எல்லிலும் டியூப் லைட்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. எல்இடியில் பாதரசம் இல்லை, ஆனால் உள்ளே சின்ன போர்டு இருப்பதால் அதுவும் மின்னணுக் குப்பைதான். மூன்றாவது பெட்டியில் போடலாம். டியூப் லைட்டை வைக்க இரண்டு அங்குல பிவிசி குழாயில் நாலேகால் அடித் துண்டு ஒன்று போதும். காகிதத்தில் சுற்றி உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் துணியை அடைத்தால், யார் மிதித்தாலும் உடையாது. பிளம்பர் வெட்டிப்போட்ட மிச்சக் குழாயே ஆகும்.

உடைந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். வாக்குவம் கிளீனரும் கூடாது, இரண்டும் பாதரசத்தைக் காற்றில் கிளப்பும். சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, எல்லோரும் கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியை செல்லோ டேப்பால் ஒற்றி எடுத்து, ஈரக் காகிதத்தால் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்தன. தூய்மைப் பணியாளர் கையில் தனியாக, “இதில் உடைந்த டியூப் லைட் இருக்கிறது” என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கவருக்குள் மறைத்துக் கொடுத்தால் அவர் கை கிழிபடும்.

பெட்டி டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி

பெட்டி டிவியை யாரும் விரும்பி வாங்குவதில்லை, ஏனென்றால் பத்து கிலோ எடையில் பெரும்பகுதி கண்ணாடி. பழைய இரும்புக் கடைக்காரர் அதில் தேடுவது படக்குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை மட்டுமே. அதை எடுக்க வேண்டுமென்றால் கழுத்தை உடைப்பதுதான் சுலபம். குழாய்க்குள் காற்று இல்லை. உடைந்தால் கண்ணாடி உள்ளே இழுக்கப்பட்டு நாலா பக்கமும் சிதறும். உள்பூச்சுப் பொடி பறக்கும். ஈயம் உள்ள கண்ணாடியோ ஏரிக்கரையிலோ காலி மனையிலோ போய்க் கிடக்கும். கன்னங்குறிச்சி மூக்கனேரி ஓரமாக நடப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பெட்டி டிவியை எடைக்குப் போடாமல், காசு வராவிட்டாலும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுங்கள். பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். கலர் டிவியில் படக்குழாயின் மேல் ரப்பர் மூடி போட்ட ஒயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கி நாளான பிறகும் அதில் கொஞ்சம் தங்கியிருக்கலாம். தூக்கும்போது கண்ணாடி முகம் உங்கள் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். கனம் அங்கேதான் இருக்கிறது.

மைக்ரோவேவ் அடுப்புக்கும் இதே எச்சரிக்கை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆளைக் கொல்லும்.

ஃப்ரிட்ஜில் ஆபத்து பின்பக்கக் குழாயில். பழையதில் ஆர் 12, பிறகு வந்ததில் ஆர் 134ஏ, இப்போதையதில் ஆர் 600ஏ வாயு இருக்கும். எது என்று கம்ப்ரசர் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும். ஆர் 12 ஓசோனை அரிப்பது. ஆர் 134ஏ காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஆர் 600ஏ தீப்பிடிக்கும். கம்ப்ரசரை மட்டும் விற்கலாம் என்று குழாயைக் கட்டர் போட்டு அறுப்பது மூன்றிலுமே தப்பு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் “கேஸோடு முழுசாகத்தான் போகும்” என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை வெளியே கிடக்கும் ஃப்ரிட்ஜின் கதவைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், அல்லது கதவையே கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போனால் கதவைத் திறக்க முடியாமல் சிக்கிக்கொள்ளலாம்.

ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்றும் மெக்கானிக் பம்ப் டவுன் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏசியை ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடி, ஓரிரு நிமிடத்தில் வாயு முழுவதும் வெளி யூனிட்டுக்குள் வந்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி நிறுத்துவார். பத்து நிமிட வேலை. நட்டைத் தளர்த்தி ‘உஸ்’ என்று திறந்துவிடுகிறவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

தகவலை அழிப்பது

போனில் வரிசை முக்கியம். படம், தொடர்பு எண், வாட்ஸ்அப் பேச்சு இவற்றைப் புதிய போனுக்கு மாற்றுங்கள். வங்கிச் செயலி, யுபிஐ எல்லாம் புதிய போனில் வேலை செய்கிறதா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பிறகு பழைய போனின் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால் ஃபைண்ட் மை வசதியை அணைத்துக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதற்கு அப்புறம்தான் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் நேராக ரீசெட் போட்டால், அடுத்தவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம். நன்றாக ஓடக்கூடிய போன் அந்தப் பூட்டினாலேயே உடைப்புக்குப் போய்விடும். கடைசியாக சிம், மெமரி கார்டு. மெமரி கார்டை மறப்பவர்கள்தான் அதிகம்.

கொடுக்கும் முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துவையுங்கள். விற்றாலும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் ரசீதில் அந்த எண் இருக்கட்டும். நாளைக்கு அந்தப் போன் தப்பான காரியத்தில் சிக்கினால் நீங்கள் காட்டக்கூடியது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

ஓடுகிற மடிக்கணினி என்றால் விண்டோஸில் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங் என்று போய், அதற்குள் கிளீன் டேட்டா என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். வெறுமனே ஃபைலை டெலீட் செய்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், எழுத்து அப்படியே இருக்கும். ஓடாத கணினியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, டிரில் வைத்து மூன்று இடத்தில் துளை போடலாம். இந்தக் கையேட்டில் உடைக்கலாம் என்று சொல்லும் ஒரே பொருள் இதுதான். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் டிரில்லை அழுத்தாதீர்கள். தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் துளை பயன்படாது, சிப் தப்பிவிடும். தயாரிப்பாளர் தரும் செக்யூர் ஈரேஸ் வசதியால் அழியுங்கள். போனில் துளை போடவே கூடாது, உள்ளே பேட்டரி இருக்கிறது. சிசிடிவி ரெக்கார்டருக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். உங்கள் வாசலின் பல வார நடமாட்டம் அதில் கிடக்கும்.

யாரிடம் கொடுப்பது

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் தன் பங்குக்கு மறுசுழற்சி நடந்ததைக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே முதல் கதவு அந்த நிறுவனம்தான். பொருளோடு வந்த கையேட்டிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ கொடுத்திருக்கும் இலவச எண்ணில் அழைத்து, பழைய பொருளைத் திரும்ப எடுக்கும் இடம் சேலத்தில் எது என்று கேளுங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் கடை எக்ஸ்சேஞ்ச் சுலபம்.

அடுத்தது பதிவு பெற்ற மறுசுழற்சியாளர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்னணுக் கழிவு இணையதளத்தில் அவர்கள் பட்டியல் இருக்கிறது; சேலத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும் கேட்கலாம். வண்டியோடு வருகிறவர் “நாங்கள் அரசு அனுமதி பெற்றவர்கள்” என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டுப் பட்டியலில் பாருங்கள், ஆலை எந்த ஊரில் என்று கேளுங்கள். பதிவு உள்ளவர் தயங்காமல் சொல்வார். கிடங்கு முகவரி மட்டும் சொல்லி ஆலையைச் சொல்லாதவர் இடைத்தரகர். ரசீதில் தேதி, பொருள் பெயர், எண்ணிக்கை, எடை, பதிவு எண் இருக்க வேண்டும்.

ஒரு வீட்டின் இரண்டு போனுக்காக ஆலை வண்டி வராது. ஆகவே தெருவாகச் சேருங்கள். போகிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, அப்பார்ட்மென்ட்டின் கார் நிறுத்தத்திலோ தெருவின் கோயில் மண்டபத்திலோ மூன்று இடம் பிரித்து வைத்து, வீடு வீடாகச் சொல்லுங்கள். முப்பது வீடு சேர்ந்தால் இரண்டு மூன்று பெட்டி டிவியோடு நூறு கிலோவைத் தாண்டுவது கஷ்டமில்லை. அந்த எடைக்கு வண்டி பேசலாம். பேட்டரி மேசைக்கு டேப்போடு ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். வார்டின் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களில் உங்கள் வார்டு எதில் வருகிறதோ அங்கே, விளக்கையும் பென்சில் செல்லையும் தனியாக எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டியானைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அது அவருடைய பிழைப்பு, இரும்பு, பித்தளை, அலுமினியத்தை அவர் அளவுக்கு ஒழுங்காக மறுசுழற்சிக்குச் சேர்ப்பவர் ஊரில் இல்லை. அவரிடம் இரும்புச் சட்டத்தையும் பழைய பாத்திரத்தையும் கொடுங்கள். பேட்டரி, விளக்கு, படக்குழாய், ஃப்ரிட்ஜ், சர்க்யூட் போர்டு ஐந்தையும் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் குப்பை சீக்கிரம் சேரும், மெதுவாகத்தான் இறங்கும். இடி மின்னலில் மோடமும் டிவி போர்டும் போவது ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. பனிமூட்ட ஈரத்தில் இணைப்பு முனைகள் துருப்பிடிக்கும். மின்தடைக்குப் பயந்து வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கும். பழையதைக் காபித் தோட்டத்துச் சரிவிலோ குழியிலோ தள்ளிவிட்டால் அடுத்த மழையில் ஓடையில் இறங்கும். திருமணிமுத்தாறு பிறப்பதே இந்த மலையில்தான்.

ஈரத்தினால் பேட்டரி டப்பாவுக்குள் ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டுவையுங்கள், மாதம் ஒரு முறை மாற்றுங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் நாலைந்து வீடு சேர்ந்து, மாதம் ஒரு முறை கீழே இறங்கும் காரில் ஒரு பெட்டியை அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பேருந்தில் ஏற்ற வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் சாயும், மூடித் துளை வழியாக ஆசிட் வழியும். பிளாஸ்டிக் டப்பில் நிமிர்த்தி வைத்து, சுற்றிப் பழைய சாக்கை அடைத்து, முனைகளுக்கு டேப் ஒட்டி, டப்பை வண்டியின் சட்டத்தோடு கட்டுங்கள். ஒரு பொட்டலம் ஆப்ப சோடாவும் ஒரு பாட்டில் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். பெட்டி டிவியைக் கம்பளியில் சுற்றி, கண்ணாடி முகம் சீட்டின் முதுகைப் பார்த்தபடி வையுங்கள். மண்சரிவினால் அடிவாரச் சாலை மூடி குப்பனூர் வழியாக இறங்க வேண்டியிருக்கிற நாளில் இந்தச் சரக்கை ஏற்றாதீர்கள், அடுத்த வாரம் போகட்டும்.

புதிய பேட்டரியைச் சேலத்துக் கடையில் பேசும்போதே, மேலே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் பழையதை அதே வண்டியில் இறக்கிப் போக வேண்டும் என்று பேசிவிடுங்கள். பில்லில் பழைய பேட்டரியின் கழிவு விலை தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.